மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் பழைய மொபெட்டை மறுபடி ஓட வைக்க

வீட்டு மாடிப்படிக்குக் கீழே சாக்குப்பை போர்த்திய பழைய டிவிஎஸ் 50 ஒன்று கிடந்தால், காயலான் கடைக்காரருக்கு போன் போடுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எடைக்குப் போட்டால் ஒரு நல்ல ஹெல்மெட் வாங்குகிற காசுகூடத் தேறாது. ஓட வைத்தால் வண்டியும் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நிற்க ஓர் இடமும் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு பெடலை மிதிக்காதீர்கள். ஆர்வத்தில் எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். பத்து வருடம் சும்மா நின்ற எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே இழுத்தால் சிலிண்டர் சுவரில் கோடு விழும், இல்லையென்றால் ரிங் உடைந்து போர்ட்டில், அதாவது சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வருகிற துளையில், மாட்டும். இரண்டு நாள் பொறுத்தால் முந்நூறு ரூபாயில் முடிகிற வேலை, அவசரப்பட்டால் போர் (சிலிண்டரை உள்ளே கடைந்து சரி செய்வது), பிஸ்டன், லேத் கூலி என்று கையைக் கடிக்கும்.

நாங்கள் ஒரு பதினைந்து பேர் இருக்கிறோம். பெரம்பூர், வில்லிவாக்கம், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், பெருங்குடி என்று சென்னையின் நாலு பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள். எல்லாரிடமும் இருப்பது 50 சி.சி. வண்டிதான். டிவிஎஸ் 50-தான் அதிகம். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த, இரண்டு பேர் உட்காரக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட். அதற்கு முன்னால் 1972-ல் வந்த லூனா இரண்டு இருக்கிறது. பிரான்சின் மோட்டோபெக்கான் நுட்பத்தில் செய்த சுவேகா ஒன்று இருக்கிறது, அதன் சொந்தக்காரர் அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார். ஜெர்மனியின் சுண்டாப் நுட்பத்தில் என்ஃபீல்டு விட்ட சில்வர் பிளஸ் ஒன்று பாதி பிரித்த நிலையில் ஒருவர் வீட்டு பால்கனியில் கிடக்கிறது.

புல்லட்டுக்கும் ஜாவாவுக்கும் ஊர் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். புது ஸ்பேர் கிடைக்கும், மெக்கானிக் கிடைப்பார், விற்றால் விலையும் கிடைக்கும். மொபெட்டுக்கு அப்படி யாரும் இல்லை. பால் கேனும் பூக்கூடையும் கேஸ் சிலிண்டரும் சுமந்த வண்டி, அதனால் தேய்ந்ததும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இந்த வண்டியைத் தனி ஆளாக யாரும் காப்பாற்றிவிட முடியாது என்பது எங்களுக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். ஒருவரிடம் கார்புரேட்டர் இருக்கும், இன்னொருவரிடம் மேக்னட் புல்லர் (எஞ்சினோடு சுற்றி ஸ்பார்க்குக்கு மின்சாரம் தருகிற மேக்னட் சக்கரத்தைக் கழற்றும் கருவி) இருக்கும், மூன்றாமவருக்கு டைமிங் வைக்க, அதாவது ஸ்பார்க் சரியான நேரத்தில் விழச் செய்யத் தெரியும். இந்த மூன்று பேரும் ஒரே இடத்தில் டீ குடித்தால்தான் ஒரு வண்டி ஓடும். அமெரிக்காவில் பழைய தோட்ட டிராக்டர் வைத்திருப்பவர்கள் கதையும் இதுதான். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961-ல் விட்ட கப் கேடட் என்கிற 7 குதிரைத்திறன் குட்டி டிராக்டரை இன்றும் ஓட வைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். புல் வெட்டவும் பனி தள்ளவும் செய்த மெஷின் அது. உழைத்த மெஷின் மேல் வருகிற பாசம் எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, புத்தகத்தில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம்தான், அதன் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், படிவம் 25. கூடவே பசுமை வரி உண்டு. வண்டி அப்பா பேரிலோ தாத்தா பேரிலோ இருந்து அவர் இல்லையென்றால் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வெளியாளிடம் வாங்கினால் படிவம் 29-ம் 30-ம். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகம் என்றால் அந்த விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. அதை முதலில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஆன்லைனில் நம்பர் போட்டதும் 'விவரம் இல்லை' என்று வரும், நீங்கள் பயந்துபோய் விட்டுவிடுவீர்கள்.

50 வருடம் தாண்டிய வண்டிக்குத் தனி வழி இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, பழைய உருவம் மாறாத வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. முதல் வருட டிவிஎஸ் 50-க்கே 2030-ல்தான் 50 வயது ஆகும் என்பதால் நம்மில் பெரும்பாலோருக்கு இது இப்போது தேவைப்படாது. ஆர்.சி. இல்லாத வண்டியை வாங்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இனி எஞ்சின். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அதைச் சுற்றியிருக்கும் மண்ணை முதலில் பிரஷ் போட்டுத் தட்டிவிட்டு, அப்புறம் கழற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் உள்ளே விழும். அந்தத் துளை வழியாக டீசலும் டூ-டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கிற ஆயில்) பாதிப் பாதி கலந்து ஒரு அவுன்ஸ் கிளாஸ் அளவு ஊற்றி, துணி வைத்து மூடி, இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். தினமும் எட்டிப் பாருங்கள், இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம். அப்புறம் மேக்னட் மூடியைக் கழற்றி, மேக்னட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஒரு நூல் அளவு அசையுங்கள். அசைந்தால் போதும், அன்றைக்கு அதோடு விட்டுவிடலாம். மறுநாள் இரண்டு நூல். நீளமான ஸ்பேனர் போட்டு நெம்பவே கூடாது. எங்கள் கூட்டத்தில் ஒரு வண்டியில் பதினொரு நாள் ஊறிய பிறகுதான் பிஸ்டன் அசைந்தது, இன்று வரை அதே பிஸ்டன்தான்.

பிஸ்டன் தடையில்லாமல் சுற்றிய பிறகு பெட்ரோல் டேங்க். உள்ளே இருப்பது வார்னிஷ் வாடை அடிக்கிற பழுப்புக் குழம்பாக இருக்கும். அதை வெளியே திறந்த இடத்தில் வைத்து எடுங்கள், பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ இருக்கக் கூடாது. பெட்ரோல் குழாயைத் திறந்து மூடும் டேப்பைக் கழற்றி அந்த ஓட்டையை அடைத்து, ஒரு கைப்பிடி பழைய நட்டுகளைப் போட்டு, சோப்புத் தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டினால் ஒன்றும் வராது. வீட்டில் வேறு யாராவது இருந்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம் மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறமும் துரு இருந்தால் மளிகைக் கடையில் விற்கிற எலுமிச்சை உப்பு, லிட்டருக்கு 50 கிராமிலிருந்து 100 கிராம் வரை, வெந்நீரில் கரைத்து டேங்க் முட்ட ஊற்றி ஒரு ராத்திரி. அதற்கு மேல் விட்டால் நல்ல இரும்பையும் தின்ன ஆரம்பிக்கும். காலையில் கொட்டி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, காய்ந்த கையோடு ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டுங்கள். இதில் 'உடனே' என்பது முக்கியம். நம் ஊர்க் கடற்காற்றில் வெறும் இரும்பு மதியத்துக்குள் மறுபடி சிவந்துவிடும். திருவான்மியூரிலும் பெசன்ட் நகரிலும் இருக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

கார்புரேட்டரில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். ஒரு எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றும் வரிசையிலேயே ஒவ்வொன்றாக வையுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். மெயின் ஜெட் என்பது நடுவில் ஊசி முனைத் துளை உள்ள சின்னப் பித்தளைத் திருகு. அடைப்பைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு வண்டி என்ன செய்தாலும் சரியாக ஓடாது. பெட்ரோலில் ஊறவைத்து பஞ்சர் கடைக் காற்றில் ஊதுங்கள், அல்லது பிரஷ்ஷிலிருந்து ஒரு நைலான் நார் பிடுங்கி விட்டுப் பாருங்கள். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் தளும்புகிற சத்தம் கேட்டால் அது ஓட்டை. பெட்ரோல் டியூபைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது பழைய ரப்பரை உப்ப வைத்துப் பொடிப்பொடியாக உதிர்க்கும். ஈரத்தையும் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும், அந்தத் தண்ணீர் டேங்க் அடியில் போய்த் தங்கும். மூன்று வாரத்துக்கு மேல் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

அடுத்தது நெருப்பு, அதாவது ஸ்பார்க். இதைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் கூட்டத்திலுள்ள பெரியவர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நாங்கள் எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். என் வண்டி ஸ்டார்ட் ஆகும், நூறு அடி போகும், நிற்கும். மூன்று வாரம் மூன்று பேரிடம் காட்டினேன், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஐயா வந்து மேக்னட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டின் கண்ணாடித் தாள் ஒரு துண்டு எடுத்து, ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடுகிற இரண்டு பாயின்ட்டுக்கும் நடுவில் செருகி, அதன் நுனியை இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் மேக்னட்டை மெல்லத் திருப்பினார். ஒரு இடம் வரை தாள் வரவில்லை. அப்புறம் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அங்கேயே கையை நிறுத்தி, "இங்கதான் தம்பி பாயின்ட் பிரியுது. இப்ப கோடு எங்க இருக்கு பாரு" என்றார். மேக்னட்டில் இருந்த கோடு, கேஸில் இருந்த கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை தள்ளி நின்றது. "கண்ணால பாக்காத, விரலால பாரு" என்று தாளை என் கையில் கொடுத்து, கோடு சேரும் வரை என்னையே ஆறு முறை செய்ய வைத்தார். அந்தத் தாள் இன்னும் என் டூல் பையில் இருக்கிறது.

பழைய பாயின்ட் மாடலாக இருந்தால் நீங்களும் இதே மாதிரி செய்யலாம். முதலில் பாயின்ட் முகத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள், ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் வேலை செய்யாது. பாயின்ட் முழுதாகத் திறக்கிற இடத்தில் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் பக்கம் இருக்கட்டும், பிளக்கில் 0.5 முதல் 0.6. அது முடிந்த பிறகுதான் தாள் வைத்து டைமிங். பிளக்கை மூடியில் மாட்டி, அதன் உடலை சிலிண்டர் ஹெட்டில் அழுத்தி வைத்து வண்டியைச் சுற்றிப் பார்த்தால், பொறி நீலமாக 'டிக்' என்ற சத்தத்தோடு வர வேண்டும். மஞ்சளாக, மெலிதாக வந்தால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் நின்று, அரை மணி ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறதா? அதுவும் பெரும்பாலும் கண்டென்சர் அல்லது காயில்தான். மேக்னட்டைக் கழற்ற வேண்டி வந்தால் புல்லர் இல்லாமல் தொடாதீர்கள், சுத்தியல் போட்டால் அதைத் தாங்கும் கிராங்க் தண்டு கோணிக்கொள்ளும். புல்லர் எங்கள் கூட்டத்தில் இரண்டு இருக்கிறது, கேட்டால் கிடைக்கும்.

பலர் கவனிக்காமல் விடுவது ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் கேஸே ஒரு பம்ப் மாதிரி காற்றை இழுத்துத் தள்ளுகிறது, அதனால் இரண்டு பக்கமும் காற்றுப் புகாமல் அடைத்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் சீல் ரப்பர் கல்லாகியிருக்கும். மேக்னட் பக்க சீல் போனால் எஞ்சின் வெறும் காற்றை இழுக்கும், ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஆர்.பி.எம். ஏறிக்கொண்டே போகும், அப்படியே ஓட்டினால் சூடாகிப் பிடித்துவிடும். கிளட்ச் பக்க சீல் போனால் அந்தப் பக்க ஆயிலை உறிஞ்சும், வெள்ளைப் புகை நிற்கவே நிற்காது, தெருவே கொசு மருந்து அடித்த மாதிரி இருக்கும். இரண்டும் விலை குறைந்த சாமான்தான், எஞ்சினைத் திறக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

சைலன்சரையும் எக்ஸாஸ்ட் போர்ட்டையும் மறக்காதீர்கள். போர்ட்டில் படிந்த கரியை மூங்கில் குச்சியைச் சீவி அதனால் சுரண்டுங்கள், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம்.

சாமான் தேட புதுப்பேட்டை போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அங்கே போய் "டிவிஎஸ் 50-க்கு கிளட்ச் ஷூ இருக்கா" என்று கடை கடையாகக் கேட்டுக்கொண்டு போனால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் கொண்டுபோங்கள். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது அங்கே கடை வைத்திருக்கும் ஒரு பாய்தான். "பேரைச் சொல்லாதீங்க, சாமானைக் காட்டுங்க" என்பார். காட்டியதும் பின்னால் இருக்கும் குவியலில் கையை விட்டு, நாலைந்து எடுத்துப் போட்டு, வெர்னியர் வைத்து அளந்து, எது பொருந்தும் என்று அவரே சொல்வார். காலை 11 மணிக்கு மேல் போங்கள், வியாபாரம் சூடு பிடித்திருக்காது, பேச நேரம் இருக்கும். எஞ்சின் முழுசாக, நம்பரோடு விற்க வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், அந்த நம்பர் யாருடைய ஆர்.சி.யில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. புது பேரிங், சீல், செயின், கேபிள் இதெல்லாம் ஜி.பி. ரோட்டில் பார்க்கலாம். பேரிங்கும் சீலும் அளவை வைத்து வாங்குகிற பொருள், பழையதின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துக்கொண்டு போனால் போதும். வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் பல்லாவரம் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சீட், கேரியர், ஹெட்லைட் வளையம் என்று நினைத்துப் பார்க்காத சாமானெல்லாம் அங்கே தரையில் கிடக்கும். என் வண்டியின் மணி அங்கே கிடைத்ததுதான்.

போர் அடிக்க அம்பத்தூர் பக்கம் லேத் பட்டறைகள் நிறைய உண்டு. பிஸ்டன் முதலில் கைக்கு வரட்டும், அதைக் கொண்டுபோய்க் கொடுத்து அதற்கு ஏற்ற மாதிரி போர் அடிக்கச் சொல்லுங்கள், மாற்றிச் செய்தால் அளவுக்குப் பிஸ்டன் தேடி அலைய வேண்டியிருக்கும். எனக்கு ஒரு முறை அப்படித்தான் ஆனது, ஒரு பட்டறையில் பிஸ்டன் வருவதற்கு முன்பே அடித்துக் கொடுத்துவிட்டார்கள், நாலு மாதம் சிலிண்டர் பேப்பரில் சுற்றியபடி அலமாரியில் இருந்தது. ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் இருக்கும் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் நல்லது, 0.6 தாண்டினால் ரிங்கை மாற்ற வேண்டும்.

எல்லாம் பூட்டியாகிவிட்டது என்றால் பெட்ரோல் கலக்கலாம். நல்ல டூ-டி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, போர் அடித்த புதிதில் 40. தனி பாட்டிலில் கலந்து குலுக்கிய பிறகு டேங்கில் ஊற்றுங்கள். முதல் ஸ்டார்ட்டை வீட்டுக்குள்ளோ கார் பார்க்கிங்கிலோ வைக்காதீர்கள், ஊறவைத்த டீசலும் ஆயிலும் எரிந்து வருகிற புகையில் அக்கம்பக்கத்தார் கீழே இறங்கி வந்துவிடுவார்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சோக் போட்டு மிதியுங்கள். ஒரு கெட்டித் துணி கையில் இருக்கட்டும், ஆக்ஸிலேட்டர் போடாமலே அலற ஆரம்பித்தால் துணியால் கார்புரேட்டர் வாயை அடைத்து நிறுத்துங்கள். பத்து நிமிடம் ஓடியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பால் கொஞ்சம் தாராளமாக விட்ட காபி நிறம் இருந்தால் எல்லாம் சரி. கறுத்து எண்ணெயாக இருந்தால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம். வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் எங்கோ காற்று புகுகிறது, அப்படியே ஓட்டக் கூடாது.

இவ்வளவையும் தனியாகச் செய்ய முடியாதா என்றால் முடியும். ஆனால் இரண்டு மாதத்தில் முடிகிற வேலை இரண்டு வருடம் இழுக்கும், நடுவில் வெறுத்துப் போய்விடும். ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்படிச் சேர்ப்பது? ரோட்டில் யாராவது பழைய மொபெட்டில் போனால் சிக்னலில் பக்கத்தில் நிறுத்தி, "அண்ணே, என்ன வருஷ மாடல்?" என்று கேளுங்கள். பச்சை விழுந்த பிறகும் ஓரமாக நிறுத்திப் பேசுவார். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள். பெருங்குடியில் ஐ.டி. வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி, அவள் அம்மா டியூஷன் எடுக்கப் போன லூனாவை வைத்திருக்கிறாள். எங்கள் எல்லாரையும் விட அவளுக்கு கார்புரேட்டர் நன்றாகக் கைவந்திருக்கிறது. பூக்கடை அண்ணன் ஒருவர் இன்றும் தினமும் விடியற்காலை கோயம்பேட்டிலிருந்து மூட்டை ஏற்றி வருவது தன் டிவிஎஸ் 50-ல்தான். வண்டி உண்மையில் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்ள நாங்கள் போவது அவரிடம்தான்.

கூட்டத்துக்குள் வந்தால் சில பழக்கங்கள் வேண்டும். இரவல் வாங்கிய ஸ்பேனரைத் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள். சாமான் பெட்டி எங்களுக்குப் பொது. யார் போட்டார், யார் எடுத்தார் என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதுகிறோம். எடுத்தவர் காசு தர வேண்டியதில்லை, எப்போதாவது வேறு ஏதாவது ஒன்றைப் போட்டால் போதும். பெட்டியிலிருந்து எடுத்த சாமானை வெளியே விற்றவர் ஒருவர் இருந்தார், இப்போது வருவதில்லை. ஐயா மாதிரி ஆட்களை வேலை நாளில் ராத்திரி 10 மணிக்கு போன் செய்து எழுப்பக் கூடாது. ஆனால் தொழில் செய்யும் மெக்கானிக்குக் கூலியை முழுசாகக் கொடுக்க வேண்டும், நட்பு என்று சொல்லிக் குறைக்கக் கூடாது. புதிதாக வருகிறவர் வண்டியைப் பார்த்து "இதுல ஒண்ணும் இல்ல, போட்ருங்க" என்று யாரும் சொல்லக் கூடாது என்பது நாங்களே வைத்துக்கொண்ட சட்டம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் எங்களில் நாலு பேர் வண்டி ஹேண்டில்பார் வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்த மறுநாள் மற்றவர்கள் டீசல் கேனும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குச் செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நமக்கு டிசம்பர் வருடா வருடம் வருகிறது. ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், தண்ணீர் அமுங்காது, உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக், சைலன்சர், கார்புரேட்டர் மூன்றையும் கழற்றுங்கள். வண்டியைத் தலைகீழாகத் திருப்புங்கள், மொபெட்டில் இரண்டு பேர் சேர்ந்தால் இது சுலபம். பிளக் இல்லாமலே மெல்லச் சுற்றி, துளை வழியாகத் தண்ணீர் வருவது நிற்கும் வரை விடுங்கள். அப்புறம் டீசலும் ஆயிலும் ஊற்றிச் சுற்றுங்கள், வடியுங்கள், இன்னொரு முறை ஊற்றுங்கள். கிளட்ச் பக்க ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக விட வேண்டும். மேக்னட் மூடியைக் கழற்றி வெயிலில் காயவிடுங்கள். டேங்கில் இருந்ததை மறுபடி பயன்படுத்தாதீர்கள். இதையெல்லாம் தண்ணீர் வடிந்து இரண்டு நாளைக்குள் செய்துவிட்டால் எஞ்சின் பிழைக்கும், ஒரு வாரம் விட்டால் பேரிங் துருப்பிடித்துவிடும். அன்று நாலாவது வீட்டில் வேலை முடியும்போது இருட்டிவிட்டது, கரண்டும் வரவில்லை. அந்த வீட்டு அம்மா கேஸ் அடுப்பு வெளிச்சத்திலேயே ரவா உப்புமா கிண்டிப் போட்டார். கை முழுக்க டீசல் வாடை, ஸ்பூனால்தான் சாப்பிட்டோம். நாலு வண்டியும் இப்போது ஓடுகின்றன.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஈ.சி.ஆரில் கோவளம் வரை போகிறோம். திருவான்மியூரில் காலை 5:30-க்குக் கூடினால் போக 25 கிலோமீட்டர் சொச்சம், 35 வேகத்தில் தாராளமாக ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். போர் அடித்து 500 கிலோமீட்டர் ஆகாத வண்டியை 30-க்கு மேல் முறுக்காதீர்கள், ஒரே வேகத்தில் நீண்ட நேரமும் ஓட்டாதீர்கள், ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். கூட்டமாகப் போகும்போது இருப்பதிலேயே மெதுவான வண்டிதான் முன்னால் போக வேண்டும், டூல் பை வைத்திருப்பவர் கடைசியில். இடது ஓரத்தை விட்டு வராதீர்கள், பின்னால் வருகிற பஸ்ஸுக்கு நம் வேகம் புரியாது. ஒரு பிளக், ஒரு செயின் லாக், ஒரு டியூப், 100 மில்லி ஆயில் பாட்டில், ஒரு துண்டு கண்ணாடித் தாள், இவ்வளவு கையில் இருந்தால் போதும். திரும்பும்போது வெயில் ஏறுவதற்குள், 9 மணிக்கு முன்னாலேயே கிளம்பிவிடுங்கள், கடற்காற்று எழும்பிவிட்டால் முட்டுக்காடு பாலத்தில் 50 சி.சி. வண்டி மூச்சு வாங்கும். அங்கே யாராவது நின்றுவிட்டால் பாலத்தைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய், ஓரத்து மர நிழலில் பத்து நிமிடம் எஞ்சினை ஆறவிட்டு, அப்புறம் பிளக்கில் கை வையுங்கள். மற்றவர்களும் அதுவரை அங்கேயே நிற்பார்கள்.